நெங்மியோன்: கொரியக் குளிர் நூடுல்ஸ் நாக்குக்குப் பிடிபடுவது எப்படி?

பியோங்யாங் பாணிக் குளிர் நூடுல்ஸை முதல்முறை சாப்பிட்டவர்கள் சொல்வதாகக் கொரியாவில் ஒரு கேலி உண்டு: "துடைக்கிற துணியை அலசிய தண்ணீர் மாதிரி இருக்கிறது." இதைச் சொல்கிறவர்கள் கொரியர்களேதான். மூன்று முறையாவது சாப்பிட்டால்தான் அதன் ருசி தெரியும் என்றும் அவர்களே சொல்வார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் எதைக் கவனிப்பது என்று தெரியாமல் சாப்பிட்டால் பத்துக் கிண்ணம் காலியானாலும் பிடிபடாது. தெரிந்து சாப்பிட்டால் இரண்டாவது கிண்ணத்திலேயே பிடிபட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நமக்குப் பழக்கமான குழம்பு, ரசம், ராமென் எல்லாவற்றிலும் ருசி நாக்கில் பட்டவுடன் வந்துவிடும். பியோங்யாங் நெங்மியோனில் அது விழுங்கிய பிறகு வரும். முதல் வாய் குடித்துவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்று உடனே அடுத்த வாய்க்குப் போகிறவர்களுக்கு அந்த ருசி வந்து சேரவே நேரமிருப்பதில்லை.

எந்த நெங்மியோன்?

நெங்மியோன் ஒரே உணவல்ல, ஒரு குடும்பம். அதில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றைத் தீர்ப்பு சொல்வதுதான் முதலில் நடக்கும் தவறு. பெரும்பாலானவர்களுக்கு அறிமுகமாவது கொரிய இறைச்சி வாட்டல் கடைகளில் கடைசியாகக் கொடுக்கிற சின்னக் கிண்ணம். சர்க்கரை, வினிகர், நொறுக்கிய ஐஸ், மெல்லிய ரப்பர் போன்ற நூடுல்ஸ். கொழுப்பான இறைச்சிக்குப் பிறகு வாயைக் கழுவத்தான் அது. அதன் சாறு பெரும்பாலும் பாக்கெட்டில் வருவது. தவறொன்றுமில்லை, கோடையில் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த இனிப்புப் புளிப்பை எதிர்பார்த்துக்கொண்டு பியோங்யாங் உணவகத்துக்குப் போனால் ஏமாற்றம் நிச்சயம்.

பியோங்யாங் வகை பக்வீட் மாவில் செய்த நூடுல்ஸைத் தெளிந்த குளிர் இறைச்சிச் சாற்றில் போட்டுத் தருவது. பெயரைப் பார்த்துக் கோதுமை என்று நினைக்க வேண்டாம். வட இந்தியாவில் விரத நாட்களில் பயன்படுத்தும் குட்டு மாவுதான் பக்வீட். புல்லினத் தானியமே அல்ல. சாற்றோடு வருவதை முல் நெங்மியோன் என்றும், காரச் சாந்தில் பிசைந்து வருவதைப் பிபிம் நெங்மியோன் என்றும் பட்டியலில் காணலாம்.

ஹம்ஹங் வகை கிழக்குக் கடலோரத்து ஹம்க்யோங் பகுதியிலிருந்து வந்தது. மலைப்பாங்கான அந்த ஊரில் உருளைக்கிழங்கு அதிகம், அதனால் உருளை ஸ்டார்ச்சில் நூடுல்ஸ். கொரியப் போரின்போது தெற்கே வந்த அகதிகளோடு அது சியோலின் ஓஜாங்தோங்கிலும் கடற்கரை நகரமான சோக்சோவிலும் வேரூன்றியது. தெற்கில் இப்போது பெரும்பாலும் சர்க்கரைவள்ளி ஸ்டார்ச் பயன்படுத்துகிறார்கள். நூல் போல மெல்லியது, பல்லுக்கு அடங்காத இழுவை. மேலே ஊறவைத்த திருக்கை அல்லது பொல்லாக் மீன் துண்டுகள், மிளகாய்ச் சாந்து. இதை ரசிக்கப் பயிற்சி தேவையில்லை. காரம், புளிப்பு, எள்ளெண்ணெய் எல்லாம் உடனே பேசும். நம் நாக்குக்கு முதல் நாளே பிடிக்கும்.

தெற்கே ஜிஞ்ஜூவில் கருவாட்டுப் பொல்லாக், மட்டி, நெத்தலி போட்ட கடல் சாற்றில், முட்டையில் தோய்த்துப் பொரித்த மாட்டிறைச்சித் துண்டுகளை மேலே வைத்துத் தருகிறார்கள். பூசானில் பக்வீட் கிடைக்காத போர்க்காலத்தில் உதவிப்பொருளாக வந்த கோதுமை மாவைக் கொண்டு மில்மியோன் பிறந்தது. இவை தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே பேசப்போவது பழகினால் மட்டுமே பிடிபடும் பியோங்யாங் வகையைப் பற்றி.

சாறு

அடிப்படை மாட்டிறைச்சி: நெஞ்சுக்கறியும் காலின் தசையும். சில கடைகள் பன்றியும் கோழியும் சேர்க்கும். பழைய காலத்தில் காட்டுக்கோழி வகையான ஃபெசன்ட் முக்கியமாக இருந்தது. இறைச்சியை இரத்தம் போக ஊறவைத்து, நுரையை அள்ளி எறிந்தபடி சிறுதீயில் சில மணி நேரம் வேகவைக்கிறார்கள். பிறகு குளிரவைத்து, மேலே உறைந்த கொழுப்பை முழுக்க அகற்றுகிறார்கள். இந்தக் கடைசி வேலைதான் கடையின் தரத்தைக் காட்டும். சூடான சூப்பில் மிதக்கும் கொழுப்பு ருசி. குளிர்ந்த சூப்பில் அதே கொழுப்பு உறைந்து உதட்டிலும் மேல் அண்ணத்திலும் மெழுகாகப் படியும், பிறகு வேறெதுவும் தெரியாது. சாறு குடித்தபின் உதடு பிசுபிசுத்தால் குறை உங்கள் நாக்கில் இல்லை, சமையலறையில் இருக்கிறது.

இரண்டாவது பாகம் டொங்ச்சிமி. முள்ளங்கியை உப்புநீரில் பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், சில வேளை பேரிக்காய் சேர்த்து நொதிக்க வைத்த நீர்க் கிம்ச்சி. நீராகாரத்தின் இளம்புளிப்பை அறிந்தவர்களுக்கு இந்தச் சுவையின் தன்மை உடனே புரியும், இரண்டிலும் லாக்டிக் அமில நொதிப்புதான் வேலை செய்கிறது. நன்றாக அமைந்த டொங்ச்சிமியில் நாக்கைச் சுண்டும் மெல்லிய வாயுவும் இருக்கும். குளிர்காலத்தில் மெதுவாக நொதித்தால்தான் அந்தச் சமநிலை கிடைக்கும், கோடையில் சட்டென்று புளித்துப்போகும். அதனால் சியோலின் பல கடைகள் டொங்ச்சிமியைக் குறைத்துவிட்டன அல்லது முழுக்க இறைச்சிச் சாற்றுக்கு மாறிவிட்டன. எந்தக் கடை எவ்வளவு கலக்கிறது என்பதுதான் கிண்ணத்துக்குக் கிண்ணம் உள்ள பெரிய வித்தியாசம்.

இவ்வளவு இறைச்சி போட்டும் ஏன் வெறும் நீராகத் தெரிகிறது? குளிர்ச்சியில் இனிப்பும் இறைச்சியின் உமாமிச் சுவையும் மங்கும், மணம் ஆவியாகி மூக்குக்கு ஏறாது. சாறு வாய்க்குள் சூடேறி, தொண்டையில் இறங்கி, மூச்சு மூக்கின் வழியே வெளிவரும்போதுதான் இறைச்சி மணம் எழும். அதனால் ஒரு வாய் சாற்றை இரண்டு விநாடி வாயில் நிறுத்துங்கள், விழுங்குங்கள், வாயை மூடியபடி மூக்கால் மூச்சை விடுங்கள். பிறகு ஐந்து விநாடி எதுவும் செய்யாதீர்கள். பழகிக்கொள்வது என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

சந்தேகமிருந்தால் வீட்டில் சோதிக்கலாம். ஒரு கிலோ மாட்டு நெஞ்சுக்கறி, நான்கு லிட்டர் தண்ணீர், இரண்டு மணி நேரம் சிறுதீ. இறைச்சியை எடுத்துவிட்டு வடிகட்டி, லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் உப்பு. பாதியைச் சூடாக வையுங்கள். மீதியை இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்துக் கொழுப்பை எடுத்துவிடுங்கள். மறுநாள் இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தால், ஒரே சாறு வெப்பநிலையால் எவ்வளவு ஒளிந்துகொள்கிறது என்று தெரியும். குளிர்ந்த சாறு சாதுவாகத் தெரிவதால் உப்புக் குறைவு என்று எண்ணிவிடவும் கூடாது. கடைக் கிண்ணம் பெரியது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாற்றில் பாதியை விட்டுவிடுவது நல்லது.

நூடுல்ஸ்

சாற்றைப் பற்றியே எல்லோரும் பேசினாலும், பழகியவர்கள் திரும்பத் திரும்பப் போவது பெரும்பாலும் நூடுல்ஸுக்காக. பக்வீட்டில் பசையம் கிடையாது. கோதுமை மாவைப் போல இழுத்து நீட்ட முடியாது. அதனால் மாவோடு ஸ்டார்ச் சேர்த்து வெந்நீரில் பிசைந்து, துளையிட்ட அச்சில் இட்டு, கொதிக்கும் நீருக்குள் நேரடியாகவே பிழிகிறார்கள். பிழிந்த நூலைக் காற்றில் வைத்திருந்தால் உடையும். ஒரு நிமிட அளவில் வெந்துவிடும். உடனே குளிர்நீரில் இரண்டு மூன்று முறை அலசி, மேலே ஒட்டிய மாவைப் போக்கி, கையால் அழுத்திப் பிழிந்து ஒரு சுருளாகக் கிண்ணத்தில் வைக்கிறார்கள்.

பக்வீட் 70 முதல் 80 சதவீதம், மீதி ஸ்டார்ச் என்பது பரவலான விகிதம். பக்வீட் மட்டுமே உள்ள நூடுல்ஸுக்கு சுன்மியோன் என்று பெயர். ஊரேயோக் போன்ற சில கடைகளில் கூடுதல் விலைக்குக் கிடைக்கும். மணம் அதிகம், ஆனால் கையில் எடுக்கும்போதே துண்டாகும். முதல் கிண்ணத்துக்கு இது வேண்டாம். வழுக்கிச் செல்லும் சாதாரண நூடுல்ஸை அறிந்தபின் சாப்பிட்டால்தான் இதன் சொரசொரப்பு எதற்கு என்று விளங்கும்.

கறுப்பு நூடுல்ஸ்தான் அசல் பக்வீட் என்பது கொரியாவிலேயே நீடிக்கும் தவறான நம்பிக்கை. உமி நீக்கிய பக்வீட் மாவு வெளிர் சாம்பல் கலந்த பழுப்பு, இடையிடையே சிறு புள்ளிகள். கரும் பழுப்பு நிறம் உமியோடு அரைத்ததாலோ வறுத்த தானிய மாவைச் சேர்த்ததாலோ வரலாம். கண்ணாடி போல் ஒளி ஊடுருவி, இழுத்தால் நீண்டுகொண்டே போனால் அது ஸ்டார்ச் நூடுல்ஸ். ஒளி ஊடுருவாமல், பல்லில் வைத்ததும் "தொக்" என்று அறுந்தால் பக்வீட்.

நூடுல்ஸில் நடக்கும் பிழைகள் மூன்று. மாவு அரைத்து நாளானால் மணம் போய்விடும். நல்ல கடைகள் அவ்வப்போது தாமே அரைத்துக்கொள்வது இதற்காகத்தான். அலசியபின் சரியாகப் பிழியாவிட்டால் நூடுல்ஸில் தேங்கிய நீர் சாற்றை நீர்க்கச் செய்யும், முதல் வாயில் இருந்த ருசி ஐந்தாம் வாயில் இருக்காது. மூன்றாவது பிழை சாப்பிடுகிறவருடையது: படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டித் தளர்ந்துவிடும். பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய உணவு இது.

மேசையில்

உட்கார்ந்ததும் ஒரு குவளை சூடான திரவம் வரும். பியோங்யாங் கடை என்றால் அது மியோன்சு, நூடுல்ஸ் வெந்த நீர். ஹம்ஹங் கடை என்றால் சூடான இறைச்சிச் சாறு. மியோன்சுவை ஒதுக்கிவிடாதீர்கள். உப்பில்லாத, சற்றே கெட்டியான அந்த நீரில்தான் பக்வீட்டின் மணம் மறைப்பின்றி இருக்கிறது. அதை முதலில் அறிந்துகொண்டால் கிண்ணத்துக்குள் அதே மணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது.

கிண்ணம் வந்ததும் கலக்க வேண்டாம். இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி, தெளிந்த சாற்றை இரண்டு மூன்று வாய் குடியுங்கள். கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பது இங்கே மரியாதைக் குறைவல்ல. பிறகு சாப்ஸ்டிக்கால் சுருளைத் தளர்த்துங்கள். மாவு கலந்து சாறு லேசாக மங்கும். இப்போது மறுபடி குடித்தால் வேறொரு சாறு. முதலாவதில் இறைச்சி, இரண்டாவதில் தானியம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த நாளை நெங்மியோன் பிடிபட்ட நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நூடுல்ஸை வாய் நிறைய எடுக்க வேண்டும். நான்கைந்து இழையாக நாகரிகமாகக் கொறித்தால் பக்வீட்டின் மணம் சேராது. பணியாளர் கத்தரிக்கோலோடு வந்து வெட்டட்டுமா என்று கேட்டால், பியோங்யாங் வகைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பல்லிலேயே அறுபடும். ஹம்ஹங் வகைக்குத் தயங்காமல் சரி என்று சொல்லுங்கள். வெட்டாமல் விழுங்கிவிட்டு மறுமுனை கிண்ணத்திலேயே இருக்க முழிப்பது அங்கே சாதாரணம்.

மேலே வைக்கும் பொருட்கள் வழக்கமாக இரண்டு மூன்று துண்டு வேகவைத்த இறைச்சி, ஊறிய முள்ளங்கி, வெள்ளரி, பேரிக்காய்க் கீற்று, அவித்த முட்டை பாதி. முட்டையை முதலில் சாப்பிட வேண்டும் என்பவர்களும் கடைசியில் என்பவர்களும் சண்டையிட்டுக்கொள்வார்கள். ஒன்று மட்டும் முக்கியம்: மஞ்சள் கரு சாற்றில் கரைந்தால் தெளிவு போய்விடும். தனித்தட்டில் வரும் கிம்ச்சியைப் பாதிக் கிண்ணம் முடியும்வரை தொடாதீர்கள். பூண்டும் மிளகாயும் நாக்கில் ஏறிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

வினிகரும் கடுகுச் சாந்தும் மேசையில் இருக்கும். தூய்மைவாதிகள் தொடவே கூடாது என்பார்கள். புதியவருக்கு நூடுல்ஸ் சாப்பிடக் கற்றுக்கொடுக்கிற உபதேசக்காரர்களைக் கிண்டல் செய்யக் கொரிய மொழியில் தனிச்சொல்லே உருவாகியிருக்கிறது. 2018இல் தென்கொரியக் கலைஞர்கள் பியோங்யாங் போனபோது, ஓக்ரியுக்வான் என்ற அங்குள்ள புகழ்பெற்ற உணவகத்தில் வினிகரை நூடுல்ஸ் மேலேயே ஊற்றுவதும், சிவந்த சாந்து கலப்பதும் தொலைக்காட்சியில் வந்தது. சியோல் தூய்மைவாதிகளுக்கு அது பெரிய சங்கடம். அதனால் சேர்ப்பதில் குற்றமில்லை, எப்போது சேர்ப்பது என்பதுதான் கேள்வி. பாதிக் கிண்ணம் முடிந்தபின், சாற்றில் கொட்டாமல், நூடுல்ஸைத் தூக்கிப் பிடித்து அதன்மேல் சில சொட்டு வினிகர். கடுகைச் சாற்றில் கரைக்காமல் இறைச்சித் துண்டில் தடவுங்கள். முதல் வாய்க்கு முன்பே இரண்டையும் ஊற்றினால், பாக்கெட் சாற்றின் ருசியை நான்கு மடங்கு விலைக்கு வாங்கியதாக ஆகும்.

எந்தக் கடையில் தொடங்குவது

சியோலில் தொடங்குவதற்கு ஏற்ற இடம் ஊரேயோக். 1946இல் தொடங்கியது, ஊல்ஜிரோ 4-கா நிலையத்துக்கு அருகில். சாறு மாட்டிறைச்சியையே நம்பியது, மணம் கனமானது. குளிர்ச்சியையும் மீறி இறைச்சி தெரியும் என்பதால், சுவை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. பியோங்யாங் வகையில் இது சற்று அதிகம் பேசுகிறது என்பதே பழகியவர்கள் சொல்லும் குறை. புதியவருக்கு அதுவே வசதி.

அடுத்த படி உய்ஜோங்பு வழி. உய்ஜோங்பு நகரில் பியோங்யாங் மியோனோக் நடத்திய குடும்பத்தின் மகள்கள் சியோலில் தொடங்கியவை பில்தோங் மியோனோக்கும் ஊல்ஜி மியோனோக்கும். சாறு தெளிவு, நூடுல்ஸ் மெல்லியது. மேலே தூவிய மிளகாய்த் தூளும் நறுக்கிய வெங்காயத்தாளும்தான் இவ்வழியின் அடையாளம். அந்தத் தூள் காரத்துக்காக அல்ல, மணத்துக்காக. ஊல்ஜி மியோனோக் மறுசீரமைப்புப் பணிகளால் 2022இல் பழைய இடத்தைக் காலிசெய்து, 2024இல் நாக்வோன்தோங்கில் மறுபடி திறந்தது. பழைய வழிகாட்டிகளை நம்பி ஊல்ஜிரோ சந்தில் தேடாதீர்கள்.

மூன்றாவதாக ஜாங்சுங்தோங்கில் உள்ள பியோங்யாங் மியோனோக். உய்ஜோங்புக் கடையின் பெயரையே கொண்டது, ஆனால் வேறு குடும்பம், வேறு வழி. சாறு மிக அமைதியானது. முதல் நாளே இங்கே வந்தால் துணி அலசிய தண்ணீர்க் கேலியை நீங்களும் சொல்வீர்கள். முதல் இரண்டுக்குப் பிறகு வந்தால் பக்வீட்டின் மணம் எதனாலும் மறைக்கப்படாமல் தெரிவது இங்கேதான் என்று புரியும்.

மாப்போ பகுதியின் உல்மில்தே தனி ரகம். தடித்த நூடுல்ஸ், நொறுங்கிய ஐஸ் மிதக்கும் சாறு. ஐஸ் நாக்கை மரக்கச் செய்யும், உருகினால் சாற்றை நீர்க்கச் செய்யும். "கோனெங்" என்று சொன்னால் ஐஸ் இல்லாமல் தருவார்கள். இங்கே பயன்படும் இன்னும் சில சொற்கள்: கூடுதல் நூடுல்ஸ் வேண்டுமென்றால் "சாரி". மேலே வைக்கும் பொருட்களைத் தவிர்த்து அதற்குப் பதில் நூடுல்ஸை அதிகமாக வாங்க "மின்ஜா", இதைப் பழைய வாடிக்கையாளர்கள்தான் அதிகம் சொல்வார்கள்.

பக்கத்தில் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் ஜேயுக், அதாவது வேகவைத்துக் குளிரவைத்த பன்றித் துண்டுகள். அல்லது பெரிய மாண்டு கொழுக்கட்டை. முதலில் மது, பிறகு நூடுல்ஸ் என்பது கொரியாவின் வடபகுதியினரின் பழைய முறை. மாலையில் முதியவர்கள் சோஜுவோடு இறைச்சி சாப்பிட்டு, கடைசியில் நெங்மியோனுக்கு வருவதைக் காணலாம். அழகான பழக்கம். ஆனால் பழகுகிற காலத்தில் வெறும் வயிற்றில், காரமான காலை உணவு இல்லாமல், கடை திறக்கும் நேரத்தில் போவதே பலன் தரும். நண்பகலுக்குப் பிறகு வரிசை நீளும், சமையலறையும் அவசரப்படும், பிழியாத நூடுல்ஸ் வருவது அப்போதுதான்.

அண்மைக் காலத்தில் பெயர்பெற்ற கடைகளில் ஒரு கிண்ணம் 15,000 வான் அளவிலும் அதற்கு மேலும் போகிறது. வெறும் நூடுல்ஸுக்கா என்ற முணுமுணுப்பு ஒவ்வோராண்டும் கொரியச் செய்திகளில் வரும். இறைச்சியின் விலையையும், கொழுப்பெடுத்துத் தெளியவைக்கும் உழைப்பையும், பக்வீட்டின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு ஓரளவு நியாயப்படும். முழுக்க நியாயப்படுகிறதா என்பது வேறு விஷயம்.

எப்போது

இது கோடை உணவாக மாறியது இருபதாம் நூற்றாண்டில், ஐஸ் தயாரிப்பு பரவியபின். அதற்கு முன் குளிர்கால உணவு. 1849ஐச் சேர்ந்த பருவ வழக்கக் குறிப்பு ஒன்று, பக்வீட் நூடுல்ஸை முள்ளங்கிக் கிம்ச்சியோடும் பன்றி இறைச்சியோடும் சேர்த்து உண்ணும் நெங்மியோனைப் பதினோராம் மாத உணவாகச் சொல்கிறது. பியோங்யாங்கை உள்ளடக்கிய வடமேற்குப் பகுதியின் நூடுல்ஸே சிறந்தது என்றும் குறிக்கிறது. காரணம் விவசாயம்தான். பக்வீட் இலையுதிர்காலத்தில் அறுவடையாகும், டொங்ச்சிமி குளிரில் பக்குவப்படும், வீட்டுத் தரை அடியிலிருந்து சூடேற்றப்பட்டிருக்கும். சூடான தரையில் உட்கார்ந்து உறைகுளிர்ச் சாற்றைக் குடிப்பார்கள்.

2018 ஏப்ரல் 27 அன்று எல்லைக் கிராமமான பான்முன்ஜோமில் நடந்த இரு கொரியத் தலைவர்களின் சந்திப்பு விருந்துக்கு ஓக்ரியுக்வானின் நூடுல்ஸ் வந்தது. அன்று மதியமே சியோலின் பியோங்யாங் உணவகங்களில் நீண்ட வரிசை. 2022இல் பியோங்யாங் குளிர் நூடுல்ஸ் வழக்கத்தை வடகொரியாவின் சார்பில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவற்றின் விளைவு, ஜூலை ஆகஸ்டில் நல்ல கடை எதிலும் அமைதியாகச் சாப்பிட முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். வரிசை குறைவு, புதுப் பக்வீட்டின் மணம் உச்சத்தில் இருக்கும். கோடையில் கிடைப்பது பல மாதம் பழையதான தானியம்.

கிண்ணத்துக்குக் கிண்ணம் ஒன்றிரண்டு வார இடைவெளி இருக்கட்டும். அடுத்தடுத்த நாளில் நான்கு கடை ஏறினால் ஒப்பீடு மட்டும் மிஞ்சும், நாக்கு பழகாது. பெரும்பாலும் மனம் மாறுவது கடையில் உட்கார்ந்திருக்கும்போது அல்ல, சில நாள் கழித்து ஏதோ ஒரு மதியத்தில் அந்தச் சாறு வேண்டும் என்று தோன்றும்போது.

தவிர்க்க வேண்டியவர்கள்

பக்வீட் ஒவ்வாமை அபூர்வம்தான், ஆனால் வந்தால் கடுமையாக வரும். கொரியாவில் உணவுப்பொருட்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் பக்வீட்டும் ஒன்று. குட்டு மாவோ ஜப்பானிய சோபாவோ சாப்பிட்டு உடலில் தடிப்பு, மூச்சிரைப்பு வந்தவர்கள் ஹம்ஹங் கடையில்கூடக் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும். நூடுல்ஸ் வேகும் கொப்பரை பொதுவாக இருக்கலாம். மறுபக்கம், கோதுமை ஆகாதவர்கள் பக்வீட் என்று நம்பி இறங்கவும் கூடாது. சில கடைகள் கோதுமை மாவும் கலக்கும், சோயா சாஸிலும் கோதுமை உண்டு.

சைவர்களுக்கு இதில் வழி குறைவு. இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தரச் சொல்லலாம், சாற்றிலிருந்து இறைச்சியை எடுக்க முடியாது. பிபிம் வகைச் சாந்திலும் அரைத்த இறைச்சியோ சாறோ கலந்திருப்பது சாதாரணம். மாட்டிறைச்சி சாப்பிடாத அசைவர்களுக்கு காங்வோன் மாகாணத்தின் மக்குக்சு ஒரு மாற்று. சுன்சோன் நகரம் அதற்குப் பெயர்பெற்றது. அதே பக்வீட் நூடுல்ஸ், ஆனால் பல கடைகளில் டொங்ச்சிமி நீரை மட்டுமே ஊற்றித் தருகிறார்கள். எள்ளெண்ணெய், பொடித்த கடற்பாசி, சிறிது சாந்து மேலே வரும். எந்தச் சாறு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை மாறும்.

கொரியாவுக்கு வெளியே, சென்னையில் கொரியர்கள் நடத்தும் உணவகங்கள் உட்பட, நெங்மியோன் என்று பட்டியலில் இருந்தால் ஒரே கேள்வி போதும்: நூடுல்ஸ் இங்கேயே பிழிகிறீர்களா? இல்லை என்றால் காய்ந்த நூடுல்ஸும் பாக்கெட் சாறும் வரும் என்று எதிர்பாருங்கள். அப்போது தயங்காமல் வினிகரும் கடுகும் சேர்த்து, ஐஸோடு சாப்பிட்டுவிட்டு வரலாம். அந்தச் சாறு அதற்காகவே செய்யப்பட்டது.